டிராமும் காந்த ஊசியும்

இரும்பைக் கண்டால் காந்தம் சும்மா இருக்காது. இது குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். காதலர்களை வர்ணிக்க வேறு உவமை அகப்படாத கதாசிரியர்கள் எல்லாரும் இதை எடுத்தாண்டு தேய்த்துவிட்டார்கள். ஆனால், இரும்பின் வாடையே படாத ஓர் இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துக் காப்பாற்றுவதற்காக ஒருவர் பம்பாய் நகரத்தை விட்டு, கடலுக்கு அப்பால் போய் வீடு கட்டினார் என்ற செய்தி பலருக்குத் தெரிந்திராது. அந்த வீடு இன்றும் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாம் வசிக்கும் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் கில்பர்ட் எழுதி வைத்தார். மாலுமியின் ஊசி வடக்கு நோக்கி நிற்பதற்குக் காரணம் அதுவே. பார்வைக்கு அந்த ஊசி அசையாமல் நிற்பதாகவே தோன்றும். 1722-இல் லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரத் தொழிலாளி அதை உற்றுக் கவனித்தார். ஊசி நாள்தோறும் ஒரு பக்கம் மிகச் சிறிது சாய்வதையும், பிறகு திரும்பி வருவதையும் கண்டார். அசையாப் பொருளுக்கு உதாரணம் காட்டிய பொருளே அசைந்து கொண்டிருந்தது!

திசை மாறுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அளப்பது எப்படி? காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, லேசாகத் தட்டிவிட்டால் அது இப்படியும் அப்படியும் ஆடும். பூமியின் இழுப்பு அதிகமானால் ஆட்டமும் வேகமாகும். ஆட்டத்தை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தக் காந்தமும் காலப்போக்கில் பலம் இழந்துகொண்டே வருகிறது. மளிகைக் கடைப் படிக்கல் மாதத்துக்கு மாதம் தேய்ந்து வந்தால் அரிசியின் எடையை எப்படி நம்புவது? பூமி மாறியதா, காந்தம் மாறியதா என்று சொல்ல முடியாத சங்கடம் இது.

இந்தச் சங்கடத்தை 1832-இல் தீர்த்தவர் ஜெர்மனியில் காட்டிங்கன் நகரத்தில் இருந்த கணித மேதை காஸ். அவர் செய்த யுக்தி அழகானது. முதலில் காந்தத்தை ஆடவிட்டு நேரம் பார்த்தார். காந்தத்தின் எடையும் வடிவமும் தெரிந்திருந்தால், காந்தத்தின் பலத்தையும் பூமியின் பலத்தையும் பெருக்கினால் வரும் தொகை அதிலிருந்து கிடைக்கிறது. அடுத்து, அதே காந்தத்தை வேறொரு ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். காந்தம் ஊசியைத் தன் பக்கம் இழுத்தது. பூமி அதை வடக்கே இழுத்தது. ஊசி எவ்வளவு சாய்ந்தது என்று பார்த்தால், ஒரு பலத்தை இன்னொன்றால் வகுத்தால் வரும் ஈவு கிடைக்கிறது. இரண்டு எண்களைப் பெருக்கினால் 12, வகுத்தால் 3 என்றால், அவை 6-ம் 2-ம் என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான் அல்லவா? அவ்வளவுதான் விஷயம். தேய்ந்த படிக்கல்லை வைத்துக்கொண்டே சரியான எடை போட வழி பிறந்துவிட்டது.

காஸ் இன்னொன்றும் செய்தார். காந்தத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி, அதில் தெரியும் அளவுகோலின் பிம்பத்தைத் தொலைநோக்கியால் பார்த்தார். காந்தம் மயிரிழை திரும்பினாலும் பிம்பம் வெகுதூரம் நகர்ந்தது. இவ்வளவு நுட்பமான கருவிக்கு ஒரு சாவிக்கொத்தே போதும் எதிரி. ஆகவே 1833-இல் இரும்பே இல்லாமல் ஒரு கட்டடம் எழுப்பினார். இரும்புக்குப் பதில் செம்பு. அந்த மாதிரிக் கட்டடங்கள் பிறகு உலகமெங்கும் தோன்றின.

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் சிம்லா, சென்னை, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களில் ஏற்பாடு செய்தார்கள். சிம்லாவும் சிங்கப்பூரும் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிட்டன. பம்பாயில் கொலாபா முனையில் 1841-இல் தொடங்கிய வேலை மட்டும் விடாமல் நடந்தது. இரவும் பகலும் மணிக்கு மணி ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் நோட்டில் எழுத வேண்டும். இதைவிடச் சலிப்பூட்டும் உத்தியோகம் இருக்க முடியுமா?

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, இங்கிலாந்தில் காரிங்டன் என்ற வானநூலார் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டிருந்தார். திடீரென்று சூரியனில் வெள்ளை ஒளி ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியின் காந்தமே குலுங்கியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. வழக்கமாகத் துருவங்களின் பக்கமே தெரியும் துருவ ஒளி கரீபியன் கடல் வரையில் தெரிந்தது. கொலாபாவிலோ, நோட்டில் எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். பூமியின் பலம் நூற்றுக்கு நான்கு பங்கு போலச் சரிந்ததை அந்த எண்கள் காட்டின. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண நாட்களில் ஏற்படும் மாறுதல் இதில் மிகச் சிறு பகுதிதான். 2003-ஆம் ஆண்டில், அதாவது 144 ஆண்டுகள் கழித்து, விஞ்ஞானிகள் அந்தப் பழைய எண்களை எடுத்துப் பார்த்து, அந்தப் புயல் எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டார்கள். இன்று அப்படி ஒரு புயல் வந்தால் நம் மின்சாரக் கம்பிகளும் செயற்கைக் கோள்களும் என்ன ஆகும் என்று மதிப்பிட அந்த நோட்டு உதவுகிறது. எழுதியவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது அடுத்த அளவை எழுத வேண்டும் என்பது மட்டுமே.

1872-இல் கருவியே ஒளிக்கதிரால் புகைப்படத் தாளில் கோடு இழுக்கத் தொடங்கிற்று. 1896-இல் நானாபாய் மூஸ் என்ற பார்ஸிக் கனவான் நிலையத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அவர் காலத்தில்தான் ஆபத்து வந்தது. பம்பாயில் குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் தீர்மானித்தார்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தமும் பிறக்கிறது. தண்டவாளத்தின் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி மண்ணில் வழிந்து ஓடும். ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஊசி துள்ளும். அறுபது ஆண்டுக் கணக்கு குட்டிச்சுவராகிவிடும்.

மூஸ் என்ன செய்தார்? டிராம் வேண்டாம் என்று கொடி பிடிக்கவில்லை. நகரம் நடக்கத்தான் வேண்டும். "நம் காலம் போயிற்று" என்று கருவியை மூட்டை கட்டவும் இல்லை. விரிகுடாவுக்குத் தெற்கே, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த அலிபாக் என்ற அமைதியான ஊரில் இடம் பிடித்தார். காந்தத் தன்மையற்ற போர்பந்தர் கல்லால் கட்டடம் எழும்பிற்று. ஆணி முதல் கீல் வரையில் செம்பும் பித்தளையும்தான்.

மூஸின் பெருமை கட்டடத்தில்கூட இல்லை. 1904-இல் அலிபாக் வேலை தொடங்கியவுடன் கொலாபாவை மூடிவிடாமல், இரண்டு இடங்களிலும் 1906 வரையில் ஒரே சமயத்தில் அளக்கச் செய்தார். இரண்டு ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தானே பழைய கணக்கையும் புதிய கணக்கையும் முடிச்சுப் போட முடியும்? முடிச்சு விழுந்த பிறகு, 1907-இல் பம்பாயில் மின்சார டிராம் ஓடிற்று.

இன்று கருவிகள் மாறிவிட்டன. 1950-களில் வந்த ஒன்று, குப்பியில் உள்ள தண்ணீரைக் கொண்டே அளந்துவிடுகிறது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சாய்ந்த பம்பரத்தைப் போலத் தலை சுழற்றுகின்றன. பூமியின் பலத்துக்குத் தக்கபடி அவை விநாடிக்கு 1,700 அல்லது 1,800 தடவை சுழலும். அதை எண்ணினால் போதும். இந்தப் பம்பரம் தேய்வதில்லை. காஸ் பட்ட சிரமம் தீர்ந்தது. ஆனால் எந்தக் கருவி வந்தாலும், நேற்று எவ்வளவு இருந்தது என்று அதனால் சொல்ல முடியாது. நேற்றைக்கு நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

பம்பாயின் கடைசி டிராம் 1964-இல் ஓடி ஓய்ந்தது. தண்டவாளங்கள் மண்ணுக்குள் போயின. ஊசியை ஊரை விட்டு விரட்டிய வண்டி, ஐம்பத்தேழு ஆண்டுகளில் தானே மறைந்துவிட்டது. அலிபாக்கில் கல் வீட்டுக்குள் பூமியின் கணக்கை இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.