நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: 14 ஜனவரி 1977, சென்னை) கோயம்புத்தூரைச் சேர்ந்த கார்ப் பந்தய வீரர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர் என்பது ஊரறிந்த செய்தி. அமெரிக்காவின் நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. 2010இல் அங்கே ஒன்பது பந்தயங்கள் ஓட்டிவிட்டுத் திரும்பினார். அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

உலகின் முன்னணி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஏழெட்டு வயதில் கோ-கார்ட்டில் உட்கார்ந்தவர்கள். நரேனின் வழி அப்படிப்பட்டதல்ல. அவருடைய போட்டி வாழ்க்கை ஒற்றை இருக்கைக் காரிலேயே தொடங்கியது. அவர் எட்டிய உயரத்தையும் எட்டாமல் விட்டதையும் எடைபோடுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அந்த மதிப்பீடு அரைகுறையாகவே இருக்கும்.

பின்னணி

தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் இந்தியத் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். வீட்டில் பேச்சே கார்தான். ஆனால் ராலி வேறு, தடப் பந்தயம் வேறு. ராலிக்காரர் மண் சாலையிலும் மலை வளைவிலும் நேரத்தோடு மோதுகிறார். தடத்தில் ஓட்டுபவரோ பக்கத்துக் காரோடு மோத வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள நல்ல தடம் வேண்டும், விலை கட்டுப்படியாகும் கார் வேண்டும்.

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கூட்டங்களை நடத்தியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப்பின் நிரந்தரத் தடம் 1990இல்தான் வந்தது. தடத்துக்குத் தீர்வு கண்டது சென்னை என்றால், காருக்குத் தீர்வு கண்டவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து, பஞ்சாலையைவிடப் பட்டறையை அதிகம் நேசித்தவர். மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைச் சேஸிஸில் பொருத்தி ஃபார்முலா மாருதி என்ற காரை உருவாக்கினார். சாதாரண மெக்கானிக்கால் பழுது பார்க்கக்கூடிய எஞ்சின், உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும் உதிரிபாகம்: இந்த இரண்டும் சேர்ந்து, பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த விளையாட்டின் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டன. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதிக் காரில் நடந்தது. முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார்.

கார்ட்டைத் தாண்டிய வழி

கோ-கார்ட் வெறும் சிறுவர் வண்டி அல்ல. சஸ்பென்ஷன் கிடையாது, பின் அச்சில் வேறுபாட்டுப் பற்சக்கரம் கிடையாது, வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். டயர் எங்கே பிடியை இழக்கிறது என்பதை ஓட்டுநர் முதுகாலேயே உணரப் பழகுகிறார். பத்து வயதுக்குள் நூற்றுக்கணக்கான முறை கிளம்பி, நூற்றுக்கணக்கான முறை முந்தி, முந்தப்பட்டு வளர்ந்த பிள்ளை பதினாறு வயதில் ஃபார்முலா காருக்கு வரும்போது பந்தயம் அவனுக்குப் புதிதல்ல. ஷூமாக்கர், ஹாமில்டன், வெட்டல் எல்லோரும் அந்த வழியே வந்தவர்கள். ஸ்டாக் கார் உலகிலும் டோனி ஸ்டூவர்ட் போன்றவர்கள் கார்ட்டிலிருந்தே கிளம்பினார்கள்.

1980களின் தமிழ்நாட்டில் அதற்கு வழியில்லை. விடுபட்டதை நரேன் வெளிநாட்டில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் சேர்ந்து, பைலட் எல்ஃப் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். அப்போது வயது பதினைந்து. அடுத்த ஆண்டு ஃபார்முலா மாருதி ஒரு பக்கம், பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர் இன்னொரு பக்கம். 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். பதினேழு வயதில் இது பெரிய சாதனை. ஆனாலும் எதிரில் ஓட்டியவர்களுக்கு அதற்குள் பத்தாண்டுப் பந்தய அனுபவம் இருந்தது.

மலேசியத் தடங்கள்

ஐரோப்பாவில் பணம் கரைந்தது. ஆசியாவில் அதே பணம் கூடுதல் நாள் தாங்கியது. 1995இல் நரேன் ஃபார்முலா ஏசியா தொடரில் சில பந்தயங்களில் ஓட்டினார். மலேசியாவின் ஷா ஆலமில் இரண்டாவதாக வந்தார். 1996இல் முழுத் தொடரிலும் ஓட்டி, அதன் சாம்பியனான முதல் இந்தியரானார்.

செப்பாங் தடம் 1999இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மலேசியப் பந்தயம் இரண்டு இடங்களைச் சுற்றியது: ஷா ஆலமின் பத்து தீகா, ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங். பாசிர் கூடாங் என்றால் இன்றும் பலருக்குத் துறைமுகமும் செம்பனை எண்ணெய்த் தொட்டிகளும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தொழில்நகரின் ஓரத்தில் 1986இல் அமைந்த ஜொகூர் தடத்தின் நீளம் சுமார் 3.86 கிலோமீட்டர். 1990களின் தொடக்கத்தில் உலக சூப்பர்பைக் பந்தயங்கள் அங்கே நடந்தன. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி அங்கேதான் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வரும் ரசிகர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். தென்கிழக்காசியாவில் இப்படித் தடங்களும், அவற்றை இணைக்கும் ஒரு தொடரும் இருந்ததால்தான் தென்னிந்திய இளைஞர்களுக்கு ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு படிக்கட்டு கிடைத்தது. நரேனுக்குப் பின் சென்னையின் கருண் சந்தோக்கும் 2001இல் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்று, அதே படியில் கால் வைத்தே ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

செப்பாங் நரேனின் வாழ்க்கையில் இருமுறை முக்கியமாக வருகிறது. 2005இல், தம் இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தில், அங்கே 11ஆம் இடம் பிடித்தார். 2012 மார்ச் 25 அன்று கதையே வேறு. கொட்டும் மழையில், முழு ஈர டயரோடு கிளம்பிய அவருடைய எச்ஆர்டி அணி சரியாகக் கணித்திருந்தது. பந்தயம் நிறுத்தப்பட்டபோது கடைசி வரிசைக் கார் பத்தாம் இடத்தில் நின்றது. தடம் காய்ந்ததும் எல்லாம் தலைகீழானது. ஜென்சன் பட்டன் அவர் காரில் இடித்து முன் சிறகை உடைத்துக்கொண்டார். பின்னர் வெட்டல் அவரை முந்தும்போது இரு கார்களும் உரசி, வெட்டலின் பின் டயர் கிழிந்தது. வெட்டல் கோபத்தில் அவரை வெள்ளரிக்காயோடு ஒப்பிட்டுப் பேசினார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தார்கள். தண்டனை நியாயமா என்பது இன்றும் வாதத்துக்குரியது. முந்துகிறவருக்கும் இடம் விட்டுத் திரும்பும் பொறுப்பு உண்டு என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

ஃபார்முலா ஒன்

1998 முதல் 2000 வரை பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் ஓட்டினார். 1999இல் பிராண்ட்ஸ் ஹேட்சில் இரண்டு வெற்றிகள். 2000இல் தொடரில் நான்காம் இடம், மக்காவில் முதல் வரிசை முதலிடம், கொரியா சூப்பர் பிரியில் வெற்றி. 14 ஜூன் 2001இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் காரைச் சோதித்த முதல் இந்தியரானார். அதன்பிறகு இருக்கை கிடைக்க நான்காண்டு ஆயிற்று. வேகம் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. அணிக்குக் கொண்டுவர வேண்டிய பணம்தான் குறைவு. 2005இல் டாடா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவோடு ஜோர்டன் அணியில் சேர்ந்தார். மார்ச் 6 அன்று மெல்போர்னில் முதல் பந்தயம், 15ஆம் இடம்.

அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் நடந்தது பந்தய வரலாற்றின் விசித்திரமான நாள்களில் ஒன்று. அது அமெரிக்க ஓவல் பந்தயத்தின் தலைமைக் கோயில்; ஃபார்முலா ஒன் தடத்தின் கடைசி வளைவு அந்த ஓவலின் சாய்தளத்திலேயே செல்லும். முழு வேகத்தில் சாய்தளம் தரும் சுமையை மிஷலின் டயர்கள் தாங்காது எனத் தெரிந்ததால், அறிமுகச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஆறில் நான்கு என்று எளிதாகக் கேலி செய்யலாம். காரை உடைக்காமல் கொண்டுவந்து சேர்த்தவருக்கே புள்ளி என்பது விதி. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அவை மட்டுமே.

2006, 2007இல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் ஏ1 ஜிபி தொடரில் இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2011இல் எச்ஆர்டி மூலம் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினாலும் பாதிப் பருவத்தில் இருக்கை டேனியல் ரிக்கியார்டோவுக்குப் போனது. ஆயினும் அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியக் கிராண்ட் பிரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 17ஆவதாக வந்தார், ரிக்கியார்டோ அவருக்குப் பின்னால் 18ஆவது.

ஸ்டாக் கார்: 2010

ஃபார்முலா ஒன்னின் இரு காலங்களுக்கும் இடையே வந்தது நாஸ்கார். ஸ்டாக் கார் என்ற பெயர் கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டிய பழைய காலத்தின் மிச்சம். இன்று இரும்புக் குழாய்ச் சட்டகத்தின் மேல் தகடு போர்த்திய பந்தய வண்டிதான் அது. கதவு திறக்காது, ஜன்னல் வழியே உள்ளே புகுந்து, வலையை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். நாஸ்காரின் டிரக் தொடரில், ஜெஃப் வைலருடைய அணியின் 60ஆம் எண் டொயோட்டா டிரக் நரேனுக்குக் கிடைத்தது.

முதல் பந்தயம் மார்ச் மாதம் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில்லில். ஒரு சுற்று 0.526 மைல், அதாவது 850 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காகிதக் கிளிப்பின் வடிவம். இரண்டு நீண்ட நேர்ப்பாதை, இரண்டு இறுக்கமான கொண்டை ஊசி வளைவு. நேர்ப்பாதை தார், வளைவு கான்கிரீட். தரை மாறும் இடத்தில் டயரின் பிடியும் மாறும். சுற்றுக்கு ஏறக்குறைய இருபது விநாடி. அப்படி 250 சுற்று. இருபது விநாடிக்கு இரண்டு முறை முழு பிரேக் போட்டால் பிரேக் தட்டு தணல்போல் சிவந்துவிடும். வண்டியின் எடையோ ஒன்றரை டன், அன்றைய ஃபார்முலா ஒன் காரைப் போல இரண்டரை மடங்கு. இடப்பக்கமே திரும்புவதால் சக்கரக் கோணங்களும் ஸ்பிரிங்குகளும் இரு பக்கமும் வெவ்வேறாக அமைந்திருக்கும். நேராக விட்டால் வண்டி தானே இடப்பக்கம் இழுக்கும்.

ஒற்றை இருக்கைக் காரில் வளர்ந்தவருக்கு இதில் எல்லாமே முரண். அங்கே சக்கரம் சக்கரத்தோடு உரசினால் கார் பறக்கும். இங்கே பக்கத்து வண்டியைப் பம்பரால் தள்ளி வழி வாங்குவது கலையாகவே மதிக்கப்படுகிறது. அங்கே கண்ணாடியைப் பார்த்து ஓட்டலாம். இங்கே கூரைமேல் நிற்கும் ஸ்பாட்டர் ரேடியோவில் சொல்வதை நம்பி ஓட்ட வேண்டும். பக்கத்தில் வண்டி இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை அவர் கண்தான் சொல்லும். அமெரிக்கப் பிள்ளைகள் கார்ட்டிலிருந்து லெஜண்ட்ஸ் கார், லேட் மாடல் என்று ஏறி, உள்ளூர் ஓவல்களில் பல ஆண்டுகள் இதைப் பழகிவிட்டே டிரக்குக்கு வருகிறார்கள். நரேன் நேராக வந்தார். முதல் பந்தயத்தில் 13ஆவதாக முடித்தார். அவருடைய ஓட்டுநர் வாழ்க்கையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட நல்ல ஓட்டம் இது.

வெற்றி எதுவும் வரவில்லை. ஆனால் பருவ முடிவில், ரசிகர்களின் இணைய வாக்கெடுப்பில், டிரக் தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் விருது அவருக்குக் கிடைத்தது. இந்திய ரசிகர்கள் திரண்டு வாக்களித்திருப்பார்கள் என்று ஊகிக்க ஜோதிடம் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஃபார்முலா ஒன் அழைப்பு வந்தது, ஸ்டாக் கார் அத்தோடு நின்றது. ஓவலில் இன்னும் இரண்டு பருவம் இருந்திருந்தால் நிலைத்த இடம் பிடித்திருக்கலாம். எச்ஆர்டியின் மெதுவான காரில் அந்த வாய்ப்பு ஒருபோதும் இல்லை.

பிற்காலம்

2013இல் ஆட்டோ ஜிபி தொடரில் ஓட்டியபின், 2014 முதல் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். 2019இல் நகாஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரோடு சூப்பர் ஜிடி தொடருக்கு மாறி, அந்த நவம்பரில் புஜி தடத்தில் சூப்பர் ஜிடியும் ஜெர்மனியின் டிடிஎம்மும் சேர்ந்து நடத்திய பந்தயத்தில் ஒன்றை வென்றார். அப்போது வயது 42.

இளையோருக்கெனத் தம் பெயரில் பயிற்சிக் கழகமும் தொடங்கினார். 2021இல் ஆசிய லெ மான் தொடரில் முழுக்க இந்திய ஓட்டுநர்களைக் கொண்ட அணியில் நவீன் ராவ், அர்ஜுன் மைனி ஆகியோரோடு ஒரே காரைப் பகிர்ந்துகொண்டார். 1997இல் பிறந்த மைனி, பெங்களூரில் கார்ட் ஓட்டி வளர்ந்து, ஃபோர்ஸ் இந்தியா அணி நடத்திய தேர்வில் 2011இல் பொறுக்கியெடுக்கப்பட்டவர்.