பூட்டிய வீடுகளும் குழித்தறி வீடுகளும்: பாலராமபுரத்தில் நில விலை உயர்வு யாருக்குப் பயன்?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கு குடியமர்த்தப்பட்டன. தரையில் குழி தோண்டி அமைக்கப்படும் குழித்தறியைப் பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டு செல்வது எளிதன்று. பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்குத் தெருவின் நீளமும் தேவை. எனவே நெசவாளருக்கு வீடும் தெருவும் தொழிற்கருவிகளே.

துறைமுகத்தின் நிழலில்

அருகிலுள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகத்தையும் பாலராமபுரம் ரயில் நிலையத்தையும் இணைக்க, பெரும்பகுதி சுரங்கமாக அமையும் சுமார் 10.7 கி.மீ. ரயில் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. இத்தகைய திட்டங்கள் வரும் இடங்களில், குடியிருக்கும் நோக்கமின்றி விலை ஏறும் என்ற கணக்கில் மனைகள் வாங்கப்படுவது நாடெங்கும் காணப்படுவதே.

ஆனால் விலை உயர்வு விற்பவருக்கு மட்டுமே பணமாகிறது. விற்காமல் அங்கேயே நெய்பவருக்கு அதனால் வருவாய் கூடுவதில்லை. பாகப் பிரிவினையின்போது உடன்பிறந்தாரின் பங்கைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டிய நிலை வந்தால், தறி இருக்கும் வீடே கைமாறக்கூடும். புதிதாக மனை வாங்குவோர் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனக் கூடுதலாகச் செலவிட வேண்டும்.

அரசின் உதவி எதுவரை?

1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தோருக்குக் கிராம ஊராட்சிகளில் 10 சென்ட் வரை வாங்கும் உரிமை அளித்தது. நிலத்தையே கையில் கொடுத்தது என்பதால், பின்வந்த பல திட்டங்களைவிட இதன் பயன் ஆழமானது. 1972-இல் அச்சுத மேனன் அரசில் அமைச்சராக இருந்த எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். 2016-இல் அறிவிக்கப்பட்ட லைஃப் திட்டத்தில், பொதுவாக வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. இது கட்டுமானத்துக்கான தொகை, மனைக்கானது அன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் இருந்த சுமார் 1.12 கோடி கட்டட அலகுகளில் ஏறத்தாழ 11.9 லட்சம் காலியாக இருந்தன. கடைகள் முதலியனவும் இதில் அடங்கும் எனினும், பத்தில் ஒன்றுக்கும் மேல் என்பது சிறு அளவன்று. நாடு முழுவதும் இவ்விகிதம் சுமார் 7.5 சதவீதமே.

கைவிடப்பட்ட வரி

கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீடுகளுக்குத் தனி வரி விதித்து வருகிறது. கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபாலும் 2023 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில், பூட்டிக் கிடக்கும் புதிய வீடுகளுக்கும் ஒருவரே வைத்திருக்கும் பல வீடுகளுக்கும் கூடுதல் வரி விதிக்க முன்மொழிந்தார். வெளிநாடுவாழ் மலையாளிகளிடையே எதிர்ப்பு எழுந்தது. வளைகுடாவில் உழைத்து, ஊர் திரும்பி வாழக் கட்டிய வீடும், விலை ஏறக் காத்திருக்கும் மூன்றாவது வீடும் ஒன்றல்ல என்பதால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டையும் பிரித்தறியும் விதிகளை வகுப்பதற்குப் பதிலாக, பூட்டிய வீடுகளுக்கான வரி அதே மாதம் கைவிடப்பட்டது. அதே வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட, நிலத்தின் அரசு மதிப்பில் 20 சதவீத உயர்வு மட்டும் நடைமுறைக்கு வந்தது. நிலமற்ற லைஃப் பயனாளிகளுக்காக, வசதியுள்ளோரிடம் நிலக்கொடை கோரும் ‘மனசோடித்திரி மண்ணு’ இயக்கத்தை அரசு நடத்துகிறது.