ஏழாம் எண் கட்டுரை

போன ஞாயிறு எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். வரவு செலவு, தணிக்கையாளர் நியமனம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. கட்டுரைப் போட்டிக்கு வந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்தார். "எழுதியவர் பெயரை மறைத்து எண் போடுவது எதற்கு? யார் பிள்ளை எழுதியது என்று தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். பிறகு வடை வந்தது, விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அங்கே நான் சொல்ல நினைத்து, நேரம் கிடைக்காமல் போன கதை இது.

பிரான்சில் பர்கோன்ஞ் மாகாணத்தின் தலைநகர் திஜோன். அந்த ஊர் நீதிமன்றத்தில் மூத்த நீதிபதியாக இருந்த பூஃபியே என்பவர் தன் சொத்தை உயில் எழுதி வைத்து ஒரு அறிஞர் சங்கம் ஏற்படுத்தினார். 1740இல் அரசர் பதினைந்தாம் லூயி அதற்கு அங்கீகாரம் கொடுத்தார். உறுப்பினர்கள் யார்? வக்கீல்கள், வைத்தியர்கள், பாதிரியார்கள், நீதிமன்றப் பிரமுகர்கள். பாரிசில் இவர்களை யாருக்கும் தெரியாது. இயற்கை அறிவியல், ஒழுக்கவியல், மருத்துவம் என்று முறை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பரிசு தருவார்கள். பரிசு 30 பிஸ்தோல் மதிப்புள்ள தங்கப் பதக்கம்.

1750க்கான முறை ஒழுக்கவியலுடையது. கலைகளும் அறிவியல்களும் மறுபடி தழைத்ததால் மனிதரின் நடத்தை தூய்மை அடைந்ததா என்பது கேள்வி. 1749 அக்டோபர் மெர்க்யூர் த பிரான்ஸ் இதழில் அறிவிப்பு வந்தது.

அப்போது ரூசோவுக்கு 37 வயது. துப்பேன் சீமாட்டி வீட்டில் செயலர் வேலை, அதாவது என்னைப் போல ஒரு எழுத்துப் பிழைப்பு. இசைக் குறியீட்டுக்குப் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்துப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார், அது எடுபடவில்லை. அவருடைய நண்பர் திதெரோ எழுதிய புத்தகத்துக்காக வன்சேன் கோட்டையில் சிறையில் இருந்தார். வண்டிக்குக் காசில்லாததால் ரூசோ அவரைப் பார்க்க நடந்தே போவார். வழியில் படிக்கக் கையில் அந்த மெர்க்யூர். கேள்வியைப் பார்த்ததும் தலை சுற்றியது, மரத்தடியில் சாய்ந்துவிட்டேன், கண்ணீர் வந்தது தெரியாமல் சட்டை நனைந்தது என்று பின்னாளில் எழுதினார். கோடை வெயில் என்று வேறு சொல்கிறார். இதழ் வந்ததோ அக்டோபரில்! பழைய நினைவை எழுதும்போது வெயில் கொஞ்சம் ஏறிவிடும், இந்தப் பக்கத்தில் எழுதும் எனக்கும் அது உண்டு. எதிர்ப்பக்கம் எடுத்து எழுதச் சொன்னதே திதெரோதான் என்று மார்மோந்தேல் பின்னால் எழுதி வைத்தார். நான் அதை நம்பவில்லை. பிறகு வாழ்நாள் முழுவதும் ரூசோ அதே பக்கத்தில்தானே நின்றார்?

கட்டுரையில் பெயர் இருக்கக் கூடாது. மேலே ஒரு மேற்கோள் வாசகம் எழுத வேண்டும், பெயரை மூடி முத்திரையிட்ட சீட்டில் வைக்க வேண்டும். ரூசோ ஹோரேசின் லத்தீன் வரி ஒன்றைப் போட்டார். திஜோனில் அதற்குக் கொடுத்த எண் 7.

1750 ஜூலையில் பரிசு அந்த ஏழாம் எண்ணுக்குப் போனது. கட்டுரை என்ன சொன்னது? கலையும் கல்வியும் வளர வளர மனிதர் கெட்டார்கள் என்றது. அப்படியானால் அறிஞர் சங்கம் வைத்திருப்பவர்களும் அதில் அடக்கம்தான். அவர்களுக்கு மரியாதையாக நாலு வார்த்தை சேர்த்திருந்தாலும் அடி அடிதான். அதற்கே பதக்கம் கொடுத்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸ் ஆடம்பரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து முகம் சுளித்த பழைய மனிதர்கள் அவர்கள். பழைய ரோமாபுரியின் எளிமையைப் புகழும் கட்டுரை அவர்கள் மனதுக்கு இதமாகவே இருந்திருக்கும். பாரிசில் பெரிய ஆசாமிகளோடு பழகும் ஒருவர் எழுதியது, அதுவும் ஜெனீவாக்காரர் என்று முன்பே தெரிந்திருந்தால் இதே காதோடு கேட்டிருப்பார்களா?

அந்த வருஷம் செப்டம்பரில் இங்கே துய்ப்ளெக்சின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம்.

கட்டுரை அச்சானதும் பிரான்ஸ் முழுக்கக் கலகம். போலந்தின் முன்னாள் அரசர் ஸ்தானிஸ்லாஸ்கூட மறுப்பு எழுதினார். எனக்குப் பிடித்தது லெ கா விவகாரம். இவர் ரூவான் நகரத்து அறுவை வைத்தியர், அந்த ஊர் சங்கத்துச் செயலர். ரூசோவுக்கு வாக்களிக்க மறுத்த ஒரு திஜோன் உறுப்பினர் எழுதியது என்று போட்டு ஒரு மறுப்பை வெளியிட்டார். அவர் திஜோன் உறுப்பினரே இல்லை! திஜோன்காரர்கள் அது தங்கள் ஆள் எழுதியதல்ல என்று 1752இல் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் அலுவலகத்தில் புரோசே-வெர்பால் எழுதியவன் என்ற முறையில் அந்தச் செயலர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. தங்கள் தீர்ப்பை ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, தங்கள் பெயரில் வேறொருவன் பேச அவர்கள் விடவில்லை.

1753 நவம்பரில் அடுத்த கேள்வி: மனிதரிடையே ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது, இயற்கை நீதி அதை ஏற்கிறதா? மடாதிபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் பல வரிகளிலிருந்து விலக்கு இருந்த நாட்டில் இதைக் கேட்கவே தைரியம் வேண்டும். ரூசோ ஒரு வாரம் சேன் ஜெர்மேன் காட்டில் அலைந்து யோசித்து எழுதினார். இந்த முறையும் எண்தான், முத்திரையிட்ட சீட்டுதான். ஆனால் வாசிப்பு நேரத்துக்கு வரம்பு உண்டு, இவர் எழுதியதோ ஒரு புத்தகம். நீளமாக இருந்ததால் முழுக்க வாசிக்கவில்லை என்று பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். 1754இல் பரிசு பெற்றவர் தால்பேர் என்ற பாதிரியார். இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் ரூசோவைத் தோற்கடித்தவர் என்பதற்காகத்தான் சொல்கிறார்கள். தோற்ற கட்டுரை 1755இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இதற்குப் பரிசு கிடைக்காது என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்று ரூசோ சொல்லிக்கொண்டார். தோற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். துய்ப்ளெக்ஸ் பதவி இழந்து புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியதும் அதே 1754 தான்.

ஆகவே எண் போடும் வழக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. பொறுமையில்லாத காதுக்கு அது உதவாது. எழுதியவன் யார் என்ற கேள்வி குறுக்கே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். 1750இல் அந்த அளவே போதுமானதாக இருந்தது.

1793 ஆகஸ்டில் புரட்சி அரசு நாட்டிலிருந்த அரச அங்கீகாரம் பெற்ற அறிஞர் சங்கங்களை எல்லாம் கலைத்தது, திஜோனும் போனது. அடுத்த வருஷம் அக்டோபரில் அதே அரசு ரூசோவின் எலும்புகளைப் பெரிய ஊர்வலமாகப் பாந்தியோனுக்கு எடுத்துச் சென்றது. திஜோன் சங்கம் பிறகு மீண்டும் கூடியது, இன்றைக்கும் இருக்கிறது.