நாற்றழுகலும் ஒரு பங்கசின் பெயரும்

முளைத்த நாற்று மண்மட்டத்தில் நைந்து சாய்வதே நாற்றழுகல். அதனை விளைவிக்கும் மண்பங்கசுகளை வேறு பங்கசுகளைக் கொண்டே அடக்க முயன்ற முன்னோடிகளுள் அமெரிக்கரான ஹாட்லி ஒருவர். 1921இல் பைன் நாற்றுமேடை மண்ணில் அவர் இதனைச் சோதித்தார்.

ஆயினும், இப்பகைமை இயங்கும் விதத்தைப் புலப்படுத்தியவர் கலிபோர்ணியாவில் தோடையின நாற்றுகளின் அழுகலை ஆராய்ந்த வைண்ட்லிங் ஆவார். திரைக்கொடேர்மா என்னும் பங்கசு, நோய்ப்பங்கசாகிய றைசொக்ரோனியாவின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து கொல்வதை 1932இல் அவர் விவரித்தார். அது சுரக்கும் நச்சினை 1936இல் எமேர்சனுடன் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். பின்னர் கிளியோதொட்சின் எனப்பட்டது அந்நச்சே.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. வைண்ட்லிங் தம் பங்கசைக் கிளியோகிளேடியம் எனத் திருத்தினார்; பிறரோ அது திரைக்கொடேர்மா விரிடியே என்றனர். நச்சைச் சுரந்தது கிளியோகிளேடியம் வைரென்ஸ் ஆதல் வேண்டும் என 1964இல் வெப்ஸ்ரரும் லோமசும் காட்டினர். இதனை வெறும் பெயர்ச்சச்சரவென ஒதுக்குதல் தகாது. திரைக்கொடேர்மா இனங்கள் யாவும் கிளியோதொட்சினைச் சுரப்பனவல்ல. பெயர் தவறின் நாற்றுமேடையில் இடும் பங்கசும் வேறாகிவிடும். நாற்றழுகலுக்கு எதிராக 1990இல் அமெரிக்காவிற் பதிவுபெற்ற தயாரிப்பொன்றில் இருந்ததும் வைரென்சே. விந்தை யாதெனில், இன்றைய வகைப்பாடு அதனை மீண்டும் திரைக்கொடேர்மாவிலேயே சேர்த்துள்ளது.