பீடிக்கு ஏன் இந்த இலை?

(போட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

புகையிலையின் வரலாறுன்னு ஆரம்பிச்சா போர்த்துகீசியர், கப்பல், வரி, கம்பெனி என்று பேச நிறைய இருக்கு. இன்றைக்கு நான் உள்ளே இருக்கும் புகையிலையை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் உறையைப் பற்றிப் பேசப்போகிறேன். எதில் சுற்றுவது என்ற சின்னக் கேள்விக்குக் கிடைத்த பதில், லட்சக்கணக்கான பேரின் பிழைப்பை மாற்றிப்போட்டது.

முதலில் நம்ம ஊர்ச் சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே தமிழ்ச் 'சுருட்டு'லிருந்து போனதுதான். திருச்சிச் சுருட்டு எவ்வளவு பிரபலம்னா, 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே துப்பறிய உதவும் தடயம் அதன் சாம்பல்தான். சுருட்டுக்கு உறையும் புகையிலையே. ஆனால் அதற்கு அகலமான, கிழியாத நல்ல இலை வேண்டும். உடைந்த இலை, தூள், மலிவான ரகம் இதையெல்லாம் புகைக்கணும்னா வேறு ஏதாவது ஒன்றில்தான் சுற்றியாக வேண்டும்.

இந்த இடத்தில் உலகம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஐரோப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டது. ஸ்பெயினின் ஆல்கோய் நகரம் சிகரெட் காகிதத்துக்கே பேர் போனது. பிரான்ஸில் லக்ருவா குடும்பத்தின் காகிதம் 'ரிஸ்லா' ஆனது. 'ரிஸ்' என்றால் பிரெஞ்சில் அரிசி. 'லா'வும் அதன் பக்கத்தில் போட்ட சிலுவைக் குறியும் குடும்பப் பெயர். ஆளி நார், சணல் நார் என்று பல சரக்கில் காகிதம் செய்து பார்த்தார்கள். சுண்ணாம்புத் தூள் கலந்து, அது எரியும் வேகத்தையும் கட்டுப்படுத்தினார்கள். இதற்கெல்லாம் ஆலை வேண்டும், முதலீடு வேண்டும்.

இந்தியாவில் ஏழைகள் கையில் காகிதம் இல்லை, மரம் இருந்தது. குஜராத்தின் கேடா, பஞ்சமகால் பக்கம் புகையிலை விளையும் வயல்களில் மிச்சம் மீதியை இலையில் சுற்றிப் புகைக்கும் வழக்கம் ரொம்பப் பழையது. புரச இலை, ஆத்தி இலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார்கள். ஆமாம், சோழர்கள் மாலையாகச் சூடிய அதே ஆத்திதான்.

1899-இல் குஜராத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. பிழைப்புத் தேடிப் பல குடும்பங்கள் மத்திய இந்தியாவுக்குப் போயின. அங்கே ஜபல்பூரைச் சுற்றிய காடுகளில் அவர்கள் கையில் எடுத்த இலை 'தெந்து'. நம்ம கருங்காலியின் நெருங்கிய உறவுக்கார மரம். 1902-இல் மோகன்லால், ஹர்கோவிந்ததாஸ் என்ற இரண்டு ஜபல்பூர் வியாபாரிகள் பீடிக்கு வணிகக் குறி பதிவு செய்தார்கள். வயலில் சுற்றிப் புகைத்த ஒரு பொருள், பெயர் ஒட்டிய சரக்கானது அந்தக் காலகட்டத்தில்தான்.

சரி, ஏன் தெந்து? இலை பெரிசு, ஒன்றிலேயே துண்டுகள் வெட்டலாம். வளைத்தால் முறியாது. காட்டில் ஏராளம். இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு குணம். இந்த இலையைக் காயவைத்து மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம், சீக்கிரம் மக்காது. வேண்டும்போது தண்ணீரில் நனைத்தால் மறுபடி தோல் மாதிரி இளகிவிடும். ஒரு வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த இலை சும்மா வந்துவிடாது. மாசி, பங்குனியில் செடிகளைக் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் புதுத்துளிர் அடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில், பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள், விடியுமுன்பே காட்டுக்குள் போய்ப் பறிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஐம்பது ஐம்பது இலையாக எண்ணிக் கட்ட வேண்டும். அப்புறம் மைதானத்தில் பரப்பிக் காயவைப்பது. இடையில் மழை வந்தால் உழைப்பு போச்சு. காண்ட்ராக்டர்கள் இஷ்டத்துக்கு விலை வைத்ததால் மத்தியப் பிரதேசம் 1964-இல் சட்டம் போட்டு இந்த வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 2006 வன உரிமைச் சட்டம்தான் தெளிவாகப் பதில் சொன்னது: காட்டு மக்கள் உரிமை கோரக்கூடிய சிறு வனப்பொருள்களில் தெந்து இலையையும் பெயர் சொல்லியே சேர்த்தது.

இப்போ மூட்டையோடு நாமும் தெற்கே வருவோம். ஜபல்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். இலை அங்கே, புகையிலை குஜராத்திலும் கர்நாடகத்து நிப்பாணியிலும். அப்படியிருக்க முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், வடக்கே குடியாத்தம் இங்கெல்லாம் பீடித் தொழில் எப்படி வந்தது? குறைந்த கூலிக்குச் சுற்றும் கை இங்கே இருந்தது. காய்ந்த இலை எவ்வளவு தூரமும் போகும் என்பதால், கை இருக்கும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவர முடிந்தது.

1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் அதை அமல்படுத்தியபோது சில பெரிய முதலாளிகள் கம்பெனியையே மூடினார்கள். வேலை இழந்தவர்கள் 1969-இல் கண்ணூரில் தினேஷ் பீடி என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். மற்ற பல இடங்களில் நடந்தது வேறு: ஒரே கூரையின் கீழ் இருந்த வேலை கலைந்து, ஏஜெண்டுகள் வழியாக வீடுகளுக்குள் போனது. சுற்றுவது பெரும்பாலும் பெண்கள்.

அவர்களுக்கு இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். இத்தனை இலைக்கு இத்தனை ஆயிரம் பீடி என்று கணக்கு. ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் தகடு வைத்து வெட்டி, நரம்பு நீக்கி, மடியில் சொளவோடு உட்கார்ந்தால் பொழுது சாயும். ஆலங்குளம் பக்கம் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "இலை நல்லாருந்தா கை தன்னால ஓடும் தம்பி. ஓட்டையும் கறையுமா வந்தா தூளு மிஞ்சும், இலை பத்தாது. கடையில நம்ம காசுக்கு இலை வாங்கித்தான கணக்க நேர் பண்ணணும்" என்றார். இலையைத் தேர்ந்தெடுப்பவர் அவரில்லை. மோசமான இலைக்கு விலை கொடுப்பவர் மட்டும் அவர். அப்படிச் சுற்றியதிலும் 'சரியில்லை' என்று கொஞ்சத்தைக் கழித்துவிடுவார்கள்; அதற்குக் கூலி கிடையாது.

இது ஒரு அக்காவின் புலம்பல் மட்டும் இல்லைங்க. அந்த 1966 சட்டத்தின் 39-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மூலப்பொருள் கொடுப்பதில் வரும் தகராறு, பீடியைக் கழிப்பதில் வரும் தகராறு, கழித்த பீடிக்கான கூலித் தகராறு என்று மூன்றையும் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கே பிரச்சினை தெரிந்திருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், நாளைக்கும் இலை வாங்க வேண்டிய அதே ஏஜெண்டு மேல் எப்படிப் புகார் கொடுப்பார்?

கடைசியாகப் புகைப்பவர். பீடியில் சிகரெட்டில் இருப்பதில் பாதிக்கும் குறைவான புகையிலைதான். அதனால் கெடுதலும் குறைவு, 'இலைதானே, காகிதத்தைவிட நல்லது' என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. நிஜம் நேர்மாறு. தெந்து இலையில் காற்று புகாது, எளிதில் எரியாது. இழுக்காமல் விட்டால் பீடி அணைந்துவிடும். அதனால் அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல சமயம் கூடுதலாகவே நுரையீரலுக்குள் போகின்றன. மூட்டையில் பத்திரமாக இருக்க உதவிய அதே இலையின் கெட்டித்தன்மை, நெஞ்சுக்குள் வேறு வேலை பார்க்கிறது.

ஆக, பீடிக்கு ஏன் இந்த இலை? காய்ந்தாலும் கெடாது, தொலைதூரம் போகும், நனைத்தால் வளையும். மூன்றும் சரக்கை வாங்கி விற்கிறவருக்கு வசதியான குணங்கள். பறிக்கிறவரையோ சுற்றுகிறவரையோ இழுக்கிறவரையோ கேட்டு எடுத்த முடிவு இல்லை அது. இன்றைக்கு அரசுக் கணக்கில் பீடித் தொழிலாளர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேர். பீடி பழக்கம் குறையத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் குறையும்போது அந்தச் சொளவுகளுக்கு முன்னால் இருப்பவர்களுக்கு என்ன வேலை தரப்போகிறோம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இந்தத் தடவையாவது அவர்களைக் கேட்டுவிட்டு.

உங்கள் வீட்டில், தெருவில் பீடி சுற்றியவர்கள் இருந்தால் அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.