மதுரை தேய்ந்ததா, திருச்சி வளர்ந்ததா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஓர் இடம் நெருடும். 1991இல் மதுரை மாநகராட்சியில் 9,40,989 பேர். 2001இல் 9,28,869 பேர். பத்தாண்டில் பன்னிரண்டாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள். அதே பத்தாண்டில் திருச்சி 3,87,223இலிருந்து 7,52,066 ஆகிவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நான் அப்போது அரசுப் பணியில், புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டும் ஒரு பிரிவில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் உறையூர்க்காரர். இந்த எண்களைப் பார்த்ததும், "என்ன சார், உங்க ஊரைக் காலி பண்ணிட்டு எல்லாரும் எங்க ஊருக்கே வந்துட்டாங்களா?" என்றார். டீ வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். இரண்டு எண்களும் சரி. இரண்டும் சொல்லும் கதைதான் சரியில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1891இல் திருச்சிதான் பெரிய ஊர். அங்கே 90,609 பேர், மதுரையில் 87,428 பேர். 1901இல் மதுரை 1,05,984, திருச்சி 1,04,721. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதன்பின் மதுரை முந்திக்கொண்டது. ஹார்வி மில்லும், பெரியாறு தண்ணீர் வந்து செழித்த சுற்று வட்டாரமும், அந்த விளைச்சல் வந்து இறங்கிய சந்தையும் மதுரைக்கு ஆளைச் சேர்த்தன. திருச்சிக்குத் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் பொன்மலைப் பணிமனையும் இருந்தன. 1951இல் தெற்கு ரயில்வே உருவானபோது தலைமையகம் சென்னைக்குப் போனது. அந்த ஆண்டுக் கணக்கில் மதுரை 3,61,781, திருச்சி 2,18,921.

சாலை விஷயத்திலும் இரண்டும் ஒரே மாதிரி தொடங்கிய ஊர்கள். இரண்டுமே கோட்டை ஊர்கள். மதுரையில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஏற்கெனவே சுற்றிச் சுற்றி அமைந்த ஊருக்கு வெளி வீதி என்று இன்னொரு சுற்று கிடைத்தது. பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. இன்று அதுதான் நட்டநடு ஊர். திருச்சியிலும் கோட்டைச் சுவர் போய், அகழி தூர்ந்து சாலையானது. மேலப் புலிவார் ரோடு, கீழப் புலிவார் ரோடு என்கிறோமே, புலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'புலவார்டு' என்ற சொல் நம் வாயில் புலிவாராகிவிட்டது. அகழிமேல் போட்ட அந்தச் சாலைதான் திருச்சியின் முதல் ரிங் ரோடு என்பேன்.

இனி அந்த இடிக்கும் எண்களுக்கு வருவோம். திருச்சி இரண்டு மடங்கானது பிரசவத்தால் அல்ல, அரசாணையால். 1994இல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். காவிரிக்கு அக்கரையில் இருந்தவரும், பொன்மலைக் குடியிருப்பில் இருந்தவரும் வீடு மாறாமலே திருச்சி மாநகரவாசி ஆனார்கள். பரப்பு சுமார் 147 சதுர கிலோமீட்டர்.

மதுரையில் நடந்தது நேர் எதிர். 1971இலேயே மாநகராட்சி ஆன ஊர், ஆனால் எல்லை 52 சதுர கிலோமீட்டருக்குள் நின்றது. 2001 கணக்கில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 18,000 பேர். திருச்சியில் 5,000 சொச்சம். மாசி வீதிப் பக்கம் குடியிருந்த வீடுகள் கடையும் லாட்ஜும் கிடங்குமாக மாறின. குடும்பங்கள் எல்லையைத் தாண்டி மனை வாங்கிப் போயின. மாநகராட்சியை மட்டும் எண்ணினால் 12,000 பேர் குறைவு. ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்து எண்ணினால் 1991இல் 10.86 லட்சம், 2001இல் 12.03 லட்சம். மதுரை தேயவில்லை, கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

எங்கே போகிறது என்பதை முதலில் காட்டியது சாலை. உத்தங்குடியில் தொடங்கி பாண்டி கோவில், விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை கிழக்கே வளைந்து போகும் சுமார் 27 கிலோமீட்டர் ரிங் ரோடு, 2000ஆம் ஆண்டையொட்டி வந்தது. அதை மதுரை மாநகராட்சியே கடன் வாங்கிப் போட்டு, சுங்கம் வசூலித்தது. பிறகு பத்திரம் வெளியிட்டும் பணம் திரட்டியது. பெரும்பகுதி தன் எல்லைக்கு வெளியே ஓடிய சாலை அது. லாரிகள் ஊருக்குள் வராமல் போகத்தான் போட்டார்கள். ஆனால் ரோடு போட்ட இடத்தில் மனைக் கல் முளைக்காமல் இருக்குமா?

அந்த மனைகளில் ஒன்றை நானும் வாங்கினேன். ரிங் ரோட்டிலிருந்து நடக்கும் தூரம். வேலைக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் மதுரை, முகவரி ஊராட்சி. வாரம் இரண்டு லாரித் தண்ணீர், பாதாளச் சாக்கடை கிடையாது, மழை பெய்தால் முழங்காலளவு. மாநகராட்சிக்கு மனு கொடுத்தால் 'எங்கள் எல்லை இல்லை' என்பார்கள். ஊராட்சிக்குப் போனால் 'எங்களிடம் ஏது நிதி' என்பார்கள். கிராமத்துக்குப் போட்ட வருமானத்தில் நகரத்தின் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்பது உண்மைதான். கோட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் பத்தாண்டுக்கு மேல் இப்படி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

2011இல்தான் எல்லை நகர்ந்தது. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்தன. பரப்பு 148 சதுர கிலோமீட்டர், வார்டு 72இலிருந்து 100. திருச்சி 1994இல் எட்டிய பரப்பை மதுரை எட்ட 17 ஆண்டு பிடித்தது.

திருச்சியில் எல்லை முந்தியது, வளையம் பிந்தியது. பழைய சென்னை–மதுரை பைபாஸ், டி.வி.எஸ். டோல்கேட், மன்னார்புரம் எல்லாம் எப்போதோ ஊருக்குள் வந்துவிட்டன. துவாக்குடிப் பக்கமிருந்து தெற்கே வளைந்து பஞ்சப்பூர் வழியாக ஜீயபுரம் பக்கம் போகும் அரைவட்டச் சாலை ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றது. பாசனக் குளங்களின் குறுக்கே மண்ணைக் கொட்டாதீர்கள் என்று விவசாயிகள் எதிர்த்ததே பெரிய காரணம். அவர்கள் கேட்டதில் தவறில்லை. குளத்தை மூடிவிட்டு, பிறகு மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே என்று அழுவதை மதுரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையமும் 2025இல் வந்துவிட்டது. ஊர் இனி அந்தப் பக்கம்தான் போகும்.

எல்லை ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. 2001இலிருந்து 2011 வரை, பழைய மாநகராட்சி எல்லைப்படி பார்த்தால் மதுரை சுமார் 10 விழுக்காடும் திருச்சி 13 விழுக்காடும் வளர்ந்தன. திருச்சி ஜெயிக்கிறது. சுற்று ஊர்களையும் சேர்த்தால் மதுரை 22, திருச்சி 18. மதுரை ஜெயிக்கிறது. அதே ஊர்கள், அதே பத்தாண்டு.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. எண்கள் வெளிவந்ததும் எந்த ஊர் முந்தியது என்று வாட்ஸ்அப்பில் சண்டை நடக்கும். அப்போது தலை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் உள்ள சதுர கிலோமீட்டரை ஒருமுறை பாருங்கள். பிறகு ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய், கோட்டுக்கு வெளியே எத்தனை தண்ணீர் லாரிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதும், நிர்வாகம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதும் அங்கே தெரிந்துவிடும்.