சூடு ஆறாமல் ஒரு விருந்து

முறைப்படி நடக்கும் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் முதன்முதலாக உட்காருபவர் மேஜையைக் கண்டு சற்றுத் திகைக்கத்தான் செய்வார். தட்டுக்கு இடப்புறம் முள்கரண்டிகள், வலப்புறம் கத்திகளும் சூப்புக் கரண்டியும் அணிவகுத்திருக்கும்; உண்பதற்கோ ஒன்றையும் காணோம்! ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. இந்த மாறுதலுக்குப் பின்னால் வெப்பம் பற்றிய ஒரு பிரச்சினை ஒளிந்துள்ளது.

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்துகளில், சூப்பு, மீன், இறைச்சி, காய்கறி எனப் பல பண்டங்களையும் ஒரே சமயத்தில் மேஜைமீது சமச்சீராகப் பரப்பிவைப்பார்கள். அவற்றை அகற்றியபின் அடுத்த அணி வரும். விருந்தினர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வர். மறுகோடியில் இருப்பதற்கு ஆசைப்பட்டால் பணியாளனைத்தான் நாட வேண்டும். கண்ணுக்கு விருந்து, ஐயமில்லை. ஆனால் அதற்குள் சூப்பு என்னவாகும்?

நியூட்டனின் குளிர்வு விதியை மாணவர்கள் அறிவார்கள். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாகப் பொருள் குளிரும். சூப்பு 80 டிகிரி, அறை 20 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். வேறுபாடு 60. அது கால் மணியில் பாதியானால் சூப்பு 50 டிகிரிக்கு இறங்கிவிடும். அடுத்த கால் மணியில் 35. அதாவது, முதல் கால் மணியில்தான் பெரும் நஷ்டம். திறந்த பாத்திரத்தில் ஆவியாதலும் சேர்ந்துகொள்வதால் குளிர்தல் இன்னும் விரைவாகும். அடியில் கனல் வைத்த தட்டுகளையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். மேஜை முழுவதற்கும் அது கட்டுப்படியாகுமா?

ரஷ்யர்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. பண்டங்களைச் சமையற்கட்டிலோ பக்கத்து மேஜையிலோ துண்டு போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது. பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராக்கின் இளவரசர் 1810-ஆம் ஆண்டையொட்டி இதை அங்கே அறிமுகம் செய்தார் என்பர். புகழ்பெற்ற சமையற்கலைஞர் கரேம், இம்முறையில் உணவு சூடாகக் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொண்டார். இருந்தும் பிரெஞ்சு முறையின் பகட்டையே உயர்வாகக் கருதினார். சர்க்கரையில் கோபுரங்களும் கோயில்களும் எழுப்பியவர் வேறென்ன சொல்வார்! 1856-இல் டுபுவா, பெர்னார் என்ற இருவர் வெளியிட்ட சமையல் நூல் ரஷ்ய முறைக்கு வலுவூட்டியது. சிறிது சிறிதாக அதுவே வென்றது.

வென்றதும் மேஜையின் தோற்றமே மாறிற்று. அடுத்து என்ன வரும் என்பது கண்ணுக்குத் தெரியாததால் ஒவ்வொருவருக்கும் உணவுப் பட்டியல் தேவைப்பட்டது. ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய கருவி, உண்ணும் வரிசைப்படி அடுக்கப்பட்டது. ஆகவே, திகைப்பவர்களுக்கு ஒரு யோசனை: வெளிக்கோடியிலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள், தவறு நேராது.

ஆனால் மேஜையிலிருந்து நீங்கிய சுமை சமையற்கட்டில் வந்து விழுந்தது. ஒரே மேஜையில் நால்வர் நான்கு விதமான பண்டங்களைக் கேட்டாலும், நான்கும் ஒரே நொடியில், ஒரே சூட்டில் வந்து சேர வேண்டும். இதற்கு வழி கண்டவர் எஸ்கோபியே (1846–1935). பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் செய்த அனுபவம் அவருக்கு உண்டு. 1890-இல் லண்டன் சவாய் ஹோட்டலில் சேர்ந்தவர், வேலையைப் பிரிவுகளாக்கினார்: குழம்புகளுக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர், மீனுக்கு ஒருவர். ஒரு முட்டைப் பண்டத்தில் முட்டையை ஒரு பிரிவும், உடன்வரும் ஆட்டுச் சிறுநீரகத்தை மற்றொரு பிரிவும், குழம்பை வேறொரு பிரிவும் ஒரே சமயத்தில் தயாரித்தன. ஒருவரே செய்தால் கால் மணியாகும் வேலை, சில நிமிடங்களில் முடிந்தது. தொழிற்சாலையின் வேலைப்பிரிவினையேதான்! அடுப்பனலில் வெந்துகொண்டிருந்த சமையற்காரர்கள் மதுவை நாடாதிருக்க, வாற்கோதுமைப் பானம் வைத்துக் கொடுத்தவரும் அவரே.

தட்டைச் சூடாக்கிய பிறகே அதில் பண்டத்தை வைப்பது இன்றும் நல்ல உணவகங்களின் வழக்கம். சில இடங்களில் அதன்மேல் பளபளக்கும் வெள்ளி மூடியொன்றைக் கவிழ்த்துக் கொண்டுவருவார்கள். வெறும் ஆடம்பரமென்று நாம் நினைக்கலாம். மெருகேற்றிய வெள்ளிப் பரப்பு மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கதிர்வீசும். மூடியோ ஆவியையும் சூடான காற்றையும் வெளியேற விடாது. பணியாளர்கள் எல்லா மூடிகளையும் ஒரே கணத்தில் தூக்கும்போது, அதுவரை அடைபட்டிருந்த அந்த ஆவிதான் முதலில் நம் முகத்தில் படுகிறது.